நாடியின் நடை



மோட்டார் பம்புகளுக்குப் பெயர் பெற்றது நம் கோவை. கிணறு ஆழமாக ஆழமாக, நீரை மேலேற்றும் சுமையும் மிகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். இதயமும் ஒரு பம்பே. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடிப்பது. இரத்த அழுத்தம் உயர்ந்தால் அதன் சுமை மிகுகிறது. பலமுறை அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருப்பின், அதுவே மக்கள் 'இரத்தக் கொதிப்பு' என வழங்கும் நோய்.

ஆண்டுக்கணக்கில் இச்சுமையைத் தாங்கும் இடது கீழறையின் சுவர் தடித்து விறைக்கிறது. அதனுள் இரத்தத்தைச் செலுத்த வேண்டிய மேலறை விரிந்து தழும்பேறுகிறது. துடிப்பை நடத்தும் மின்னோட்டம் நெறி தவற, மேலறை சீராகச் சுருங்காமல் நடுங்குகிறது. அங்குத் தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் விளையும். இக்கோளாறு உள்ளவர்க்கு அவ்வபாயம் ஏறத்தாழ 5 மடங்காகும்.

பலரிடம் இவை அறிகுறியின்றியே வளர்கின்றன. "நான் நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்று மருந்தை நிறுத்திவிடும் முதியோரை நான் பலகால் கண்டிருக்கிறேன். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், அழுத்தத்தை அளக்கவும் மருந்து வழங்கவும் வீடு தேடி வருவது இதனாலேயே.

நீங்களும் ஒரு பணி செய்யலாம். தாத்தா பாட்டியின் மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பக்கம், மூன்று விரல்களை வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். துடிப்பின் இடைவெளி தாறுமாறாக இருந்தால், மருத்துவரிடம் அழைத்துச் சென்று இ.சி.ஜி. எடுக்கச் செய்யுங்கள். மருத்துவர் கூறாமல் மருந்தை நிறுத்தவும் விடாதீர்கள்.