மூணாவது காஞ்சி

காஞ்சிபுரத்துக்காரங்க ஊரை ரெண்டாப் பிரிச்சுச் சொல்லுவாங்க. ஏகாம்பரநாதர் பக்கம் பெரிய காஞ்சி, வரதராஜர் பக்கம் சின்ன காஞ்சி. ஆனா மூணாவதா ஒரு காஞ்சி இருக்கு. வேகவதி ஆத்தைத் தாண்டினா வர்ற சின்ன ஊர், திருப்பருத்திக்குன்றம். அதுக்கு ஜின காஞ்சின்னும் பேரு. தமிழ்ச் சமணர்களோட காஞ்சி.

சமணர்கள்னதும் வடக்கிலிருந்து வந்து கடை வச்சவங்கன்னு நினைச்சுடாதீங்க. இவங்க தமிழ்தான் பேசுறாங்க, பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள், பலருக்குப் பேருக்குப் பின்னாடி நயினார்னு வரும். 6ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடு ஒண்ணு, பள்ளன்கோவில்ல கிடைச்சது, பருத்திக்குன்றத்து வஜ்ரநந்தி என்ற சமண ஆசிரியருக்கு நிலம் கொடுத்ததைச் சொல்லுது. 7ஆம் நூற்றாண்டுல காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இங்க சமணர்கள் நிறைய இருக்காங்கன்னு எழுதினார்.

அப்புறம் சைவமும் வைணவமும் வளர்ந்தது, அரச ஆதரவு அந்தப் பக்கம் போச்சு. ஆனாலும் இந்தச் சபை முடிஞ்சு போகலை. 1387 வாக்குல விஜயநகர அமைச்சர் இருகப்பர், தன் குரு புஷ்பசேனர் சொல்ல, இங்க திரைலோக்கியநாதர் கோயில்ல சங்கீத மண்டபம் கட்டினார். அண்ணாந்து பார்த்தா விதானம் முழுக்க ஓவியம்: ரிஷபதேவர், மகாவீரர் கதைகளோட கிருஷ்ணர் கதையும் இருக்கும். சமண மரபுல 22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதரும் கிருஷ்ணரும் பங்காளிங்க!

இப்போ கொச்சிக்கு ஒரு நடை போயிட்டு வருவோம். மட்டாஞ்சேரியில 1568ல கட்டின யூதர்களோட பரதேசி ஜெபாலயம் இருக்கு. 1948ல இஸ்ரேல் உருவான பிறகு கொச்சி யூதர்கள் பெரும்பாலானவங்க அங்க குடியேறிட்டாங்க. முழு வழிபாட்டுக்கு வயசு வந்த ஆண்கள் பத்துப் பேர் வேணும். அந்தப் பத்துப் பேருக்கே வெளியூர்க்காரங்களை எதிர்பார்க்க வேண்டிய நிலை வந்துச்சு. கட்டடம் நின்னுது, சபை போயிடுச்சு.

ஜின காஞ்சியில நடந்தது வேற. இங்க தலைமைதான் இடம் மாறுச்சு. தமிழ்ச் சமணர்களோட மடம் இன்னைக்குச் செஞ்சி பக்கத்துல மேல்சித்தாமூர்ல இருக்கு. காஞ்சியிலிருந்து போனதுதான்னு அவங்க மரபு சொல்லுது. மடத்தோட பேருல இன்னமும் ஜின காஞ்சி இருக்கு. ஊரை விட்டுப் போனவங்க ஊர்ப் பேரைக் கையோட எடுத்துட்டுப் போயிருக்காங்க. இங்க திருப்பருத்திக்குன்றத்துல பூஜையும் நிக்கலை.

சின்ன சபைதானே, இதனால மத்தவங்களுக்கு என்னன்னு கேக்கலாம். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உக்காந்தப்போ, நிறைய இடங்கள் அவருக்கே புரியலை. கும்பகோணத்துச் சமணர்கள்தான் விளக்கினாங்க. அவங்களுக்கு அது பழைய இலக்கியம் இல்லை, வீட்டுல படிக்கிற நூல். 1887ல புத்தகம் வந்துச்சு. அந்தச் சில குடும்பங்கள் இல்லேன்னா ஏடு கிடைச்சிருக்கும், அர்த்தம் கிடைச்சிருக்குமா?

அடுத்த தடவை கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போனா, ஒரு மணி நேரம் ஒதுக்கித் திருப்பருத்திக்குன்றம் போய்ட்டு வாங்க. விதானத்தைப் பாருங்க. பூஜை நடந்தா போனை உள்ள வச்சுட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. அது மியூசியம் இல்லை, அவங்க கோயில்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.