சீழ் வடியும் காதும் உள்ளே கரையும் எலும்பும்

(திருகோணமலையில் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையிலிருந்து திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோணேசரைக் கும்பிடுவார்கள், கடலில் இறங்குவார்கள், கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரையும் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வந்து இந்த மாவட்டத்திலேயே குடியேறிய நம்ம சனமும் இருக்கிறது. அவர்களைப் பார்க்க வருகிறவர்களும் உண்டு. ஊருக்குத் திரும்பி இரண்டு மூன்று நாளில், "கடல்ல குளிச்சேன், காது வடியுது" என்று டிஸ்பென்சரியில் போய் நிற்பார்கள். பழி கடல் மேல். ஆனால் செவிப்பறை முழுசாக இருந்தால் தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போகாது. வடிகிற சீழ் சளி மாதிரி இழுபட்டு வந்தால், அந்தப் பறையில் முன்பே ஓட்டை இருந்திருக்கும் என்றுதான் நினைக்க வேண்டும்.

அந்த ஓட்டை அநேகமாகச் சின்ன வயதில் விழுந்தது. தொண்டையிலிருந்து காதின் நடுப்பகுதிக்கு ஒரு குழாய் போகிறது. குழந்தைக்கு அது கட்டை, சாய்வும் குறைவு. தடிமன் வந்தால் கிருமி சுலபமாக ஏறிவிடும். பிள்ளைக் காம்பராவில் ஒரு பிள்ளைக்கு வந்தது பத்துப் பிள்ளைக்கும் பரவுவதை நீங்களே பார்க்கிறீர்கள். உள்ளே சேர்ந்த சீழ் பறையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். அப்போது வலி நின்றுவிடும். அம்மாவும் "நல்லாயிருச்சு" என்று வேலைக்குப் போய்விடுவாள்.

இதற்குப் பிறகு நடப்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பறைக்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள் சங்கிலி மாதிரி கோத்திருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்றால் தெரியும். நமக்குச் சுத்தியல், பட்டடை, குதிரைக்காரன் கால் வைக்கிற அங்கவடி. அங்கவடிதான் உடம்பிலேயே சின்ன எலும்பு, சுமார் 3 மில்லிமீட்டர், அரை அரிசி அளவு. பறையில் விழுகிற சத்தத்தை இந்தச் சங்கிலிதான் உள்காதுக்குக் கொண்டுபோகிறது. பெரிய பறையில் விழுந்த அதிர்வு சின்ன வாசலில் குவிவதால் அழுத்தம் 20 மடங்குக்கு மேல் கூடுகிறது.

காது வருஷக்கணக்கில் வடிந்தால் அந்தப் புண் எலும்பையும் அரிக்கும். முதலில் போவது பெரும்பாலும் பட்டடையின் நீண்ட கால், அது அங்கவடியோடு சேருகிற நுனி. அந்த நுனிக்கு இரத்த ஓட்டம் குறைவு. வறட்சி வந்தால் தேயிலைச் செடியின் நுனி முதலில் கருகுவதைப் போலத்தான். அங்கே அறுந்தால் சங்கிலியே அறுந்த மாதிரி. பிறகு அங்கவடியின் வளைவு, சுத்தியலின் பிடி என்று அரிப்பு போகும். கரைந்த எலும்பு மறுபடி வளராது. எவ்வளவு கேள்வி போகும் என்றால், நாம் சாதாரணமாகப் பேசுவது ஏறக்குறைய 60 டெசிபெல். சங்கிலி அறுந்த காதில் 40 முதல் 60 வரை குறையலாம். வகுப்பில் பின்வரிசையில் இருக்கிற பிள்ளைக்கு டீச்சர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். அந்தப் பிள்ளையை "மக்கு" என்கிறோம். எனக்கு இதில் கோபம் வரும்.

இன்னொரு ஏமாற்று வேலை உண்டு. சிலருக்குத் தோல் செவிப்பறையிலிருந்து உள்ளே சுருண்டு வளர்ந்து, உருண்டையாகத் திரண்டு, எலும்பைத் தின்றபடி பெருக்கும். எலும்பு போன இடைவெளியை அந்த உருண்டையே அடைத்துக்கொண்டு சத்தத்தைக் கடத்தும். "கேக்குதுதானே" என்று இருந்துவிடுவோம். ஆனால் சீழ் கொஞ்சமாக, நாற்றமாக வரும். வலி இல்லாத நாற்றச் சீழைச் சும்மா விடாதீர்கள். முகத்து நரம்பு அந்த எலும்புகளுக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. மூளையும் மேலே மெல்லிய எலும்புத் தட்டுக்கு அப்பால்தான். வாய் கோணினால், தலை சுற்றினால், காய்ச்சலோடு கடும் தலைவலி வந்தால், காதின் பின்பக்கம் வீங்கினால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. "ஒரு நாள் பேர் போயிடுமே" என்று சம்பள நாள் வரைக்கும் வைத்திருக்கக் கூடாது.

சாதாரணமாக வடிகிற காதுக்குப் பாதி வைத்தியம் காயவைப்பது. சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி, சீழை ஒற்றி எடுங்கள். திரி காய்ந்து வரும்வரை புதிதாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அதன் பிறகே டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து. பூண்டெண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு எதுவும் வேண்டாம். பக்கத்து லயத்தில் மிஞ்சின சொட்டு மருந்தும் வேண்டாம். ஓட்டைக் காதில் சில மருந்து உள்காதுக்குப் போய் நரம்பையே கெடுக்கும். குளிக்கும்போது வஸ்லின் தடவிய பஞ்சு. கன்னியாவிலும் அதேதான், தண்ணீர் சூடு என்பதற்காகக் கிருமி செத்திருக்காது.

சொந்தக்காரப் பையன்கள் இங்கே சங்கு, கடலட்டை எடுக்கச் சுழியோடுகிறார்களா? ஓட்டைக் காதோடு சுழியோடவே கூடாது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலைக்குக் கீழே கடலுக்கடியில் கோயில் இடிபாடுகளைப் பார்த்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் 10 மீற்றர் இறங்கினாலே உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. ஓட்டை வழியாகக் குளிர்ந்த தண்ணீர் புகுந்தால் தலை சுற்றி, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும்.

சரி, எலும்பு போனவர்களுக்கு வழி இல்லையா? இருக்கிறது. 1950களில் ஜேர்மனியில் வுல்ஸ்டைன், ஸொல்னர் என்ற இரண்டு டாக்டர்கள் இதற்குச் சத்திரசிகிச்சை முறை வகுத்தார்கள். பொட்டுத் தசையின் மேலிருக்கிற மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையை மூடுவார்கள். அறுந்த சங்கிலிக்கு உங்கள் எலும்பையே செதுக்கியோ, குருத்தெலும்பு, டைட்டானியம் துண்டு வைத்தோ இணைப்பார்கள். அங்கவடி மிஞ்சியிருந்தால் பலன் கூட. பிந்தினால் அதுவும் போய்விடுகிறது. தோல் உருண்டை இருந்தால் முதலில் அதை வழித்தெடுத்தாக வேண்டும். சில நேரம் கேள்வி குறைந்தும் போகும், அதை முன்னாலேயே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பரேஷன் முடியாதவர்களுக்குக் கேள்விக் கருவி இருக்கிறது.

இரண்டு கிழமைக்கு மேல் வடிந்தால் டிஸ்பென்சரியில் கடிதம் கேளுங்கள், காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்கு. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக் நாளுக்குள் சீழ் நின்றுவிட்டாலும் போங்கள். ஓட்டை எவ்வளவு, எலும்பு எப்படி என்று டாக்டருக்குத் தெளிவாகத் தெரிவது காய்ந்த காதில்தான்.