இ.சி.ஜி. இயல்பு என்றால் போதுமா?

ஆசிரிய நண்பர்களே, மாடி வகுப்புக்கு ஏறும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அழுத்தும், நின்றால் சரியாகிவிடும். இ.சி.ஜி. எடுத்தேன்; இயல்பு என்றார்கள். பயம் போகவில்லை. மருத்துவர் விளக்கினார்: ஓய்வில் எடுக்கும் இ.சி.ஜி. அந்த நேரத்து மின்துடிப்பை மட்டுமே பதிவு செய்கிறது. அடைப்பு இருந்தாலும் இயல்பாக வரலாம். டிரெட்மில் சோதனையும் பெரும்பாலும் 70 சதவீத அளவுக்குக் குழாய் குறுகிய பிறகே காட்டும். அதனால் அறிகுறி, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஆஞ்சியோகிராம் தேவையா என்று முடிவு செய்கிறார்கள். எனக்கு அடைப்பு இருந்தது; இன்று மாத்திரையோடு நலமாக இருக்கிறேன்.

ஒரே தேர்வை வைத்து நாம் மாணவனை எடைபோடுவதில்லையே! அறிக்கை இயல்பு என்று வலியை மறைக்காதீர்கள். ஓய்விலும் நெஞ்சழுத்தம் விடாவிட்டால், பாடவேளை முடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.