கரை தட்டிய பிறகும் ஓடியவள்



சற்றுமுன் படம் முடிந்து விளக்கு எரிந்தபோது உங்களில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். 1927-இல் வெளிவந்த படம். இசை உண்டு, பேச்சு கிடையாது. ஜெர்மனியிலிருந்து போன இயக்குநர் முர்னாவ் ஹாலிவுட்டில் எடுத்த முதல் படம், ‘சன்ரைஸ்’. அது வெளியான இரண்டே வாரத்தில் ‘தி ஜாஸ் சிங்கர்’ என்ற பேசும் படம் வந்து சினிமா வாய் திறந்துவிட்டது. ‘சன்ரைஸ்’ படத்தின் மூல நெகட்டிவ் 1937-இல் நியூ ஜெர்சியில் கிடங்கு தீப்பிடித்து எரிந்தே போனது. மிஞ்சிய பிரதிகளின் புண்ணியத்தில்தான் நாம் இன்று பார்த்தோம்.

கதை இதுதான்: நகரத்துக்காரியிடம் மயங்கிய குடியானவன், கட்டியவளை ஏரியில் தள்ளிவிடத் துணிகிறான். தான் மிதந்து தப்பிக்கப் படகில் கோரைக் கட்டு ஒளித்து வைக்கிறான். நடு ஏரியில் எழுந்து நிற்கிறான். அவள் கை கூப்புகிறாள். அவனால் முடியவில்லை, முகத்தை மூடிக்கொள்கிறான்.

இந்த இடத்தில் ‘சுபம்’ போட்டிருந்தால் நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். கொல்லாமல் விட்டதற்கே ஒருவனைத் திருந்திவிட்டான் என்று கொண்டாடிப் பழகியவர்கள் நாம். முர்னாவ் அதற்கு ஒப்பவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிடுகிறேன்.

படகு கரை தட்டியதும் அவள் என்ன செய்தாள்? ஓடினாள்! மரங்களுக்கிடையே விழுந்தடித்து ஓடி, வந்த டிராமில் ஏறினாள். பயப்படாதே என்று அவன் சொல்லச் சொல்ல அவள் ஒடுங்கிப் போகிறாள். நகரத்தில் ஒரு கடையில் உட்காரவைத்து கேக் தட்டை அவள் பக்கம் நகர்த்துகிறான். ஒரு துண்டை எடுத்து வாயில் வைக்கிறாள். விழுங்க முடியவில்லை, அழுகை முந்திக்கொள்கிறது. பூ வாங்கித் தருகிறான், அப்போதும் அழுகைதான். நெஞ்சு மன்னித்தாலும் பயம் உடம்பை விட்டு இறங்க நேரமாகும் என்று மனைவியாக நடித்த ஜேனட் கேனர் தொண்டைக்குழியாலேயே சொல்லிவிட்டார். முதல் ஆஸ்கார் விழாவில் சிறந்த நடிகை விருது அவருக்குக் கிடைத்தது. அதற்குக் கணக்கில் எடுத்த மூன்று படங்களில் இது ஒன்று.

பிறகு அந்த தேவாலயம். யாருக்கோ கல்யாணம். இவளைக் காப்பாயா என்று பாதிரியார் மாப்பிள்ளையைக் கேட்கிறார். உடைந்து போகிறவன் அங்கே உட்கார்ந்திருக்கும் நம் ஆள். மனைவி மடியில் தலை புதைத்து அழுகிறான். அவள் கை அவன் தலையைத் தடவுகிறது. அன்று காலை அவனைப் பார்த்துக் கூப்பிய கை, ஐயா, அது!

ஊர் திரும்பும்போது புயல். தனக்கென்று ஒளித்து வைத்த அதே கோரையை எடுத்து அவள் உடம்பில் கட்டுகிறான். படகு கவிழ்கிறது. இருட்டில் விளக்குகளோடு தேடுகிறார்கள். கட்டுப் பிரிந்த கோரைத் தாள்கள் தண்ணீரில் மிதந்து வந்தபோது, எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு தாயார் “ஐயோ, பொண்ணே!” என்றார். படம் நெடுக இந்த அரங்கில் கேட்ட ஒரே குரல் அதுதான்.