ஒளுவும் குளிப்பும்: பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமல் விடுவது



வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஆகவே பெரியவர்களுக்கான விவாதங்களை ஒதுக்கிவிட்டு, பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் குந்தியிருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு நாம் என்ன சொல்கிறோம் என்பதைப் பேச வந்திருக்கிறேன்.

எண்ணிக்கை சொல்லிக்கொடுக்கிறோம். குளிப்பின் பர்ளு எத்தனை என்று கேட்டால் காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து ஷாஃபி பிள்ளை "இரண்டு" என்னும்: நிய்யத்து வைப்பது, உடல் முழுதும் தண்ணீர் படுவது. ஹனஃபி பிள்ளை "மூன்று" என்னும்: வாய் கொப்பளிப்பது, மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவது, உடல் முழுதும் நனைப்பது. ஒளுவுக்கு ஷாஃபியில் ஆறு, ஹனஃபியில் நான்கு. ஒப்பிக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் "எதுக்கு உஸ்தாது?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், பெரும்பாலும் கிடைக்கிற பதில் "சுத்தமா இருக்கணும்ல, அதுக்குத்தான்."

கோளாறு இந்தப் பதிலில்தான் இருக்கிறது. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்த பிள்ளைக்குக் காற்றுப் பிரிந்தால் ஒளு முறிந்துவிடுகிறது. உடனே முகத்தையும் கைகால்களையும் கழுவச் சொல்கிறோம். முகத்தில் என்ன அழுக்கு வந்தது? புத்தியுள்ள பிள்ளை கேட்கத்தான் செய்யும். ஃபிக்ஹில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது: நஜீஸ் வேறு, தொடக்கு வேறு. நஜீஸ் துணியிலும் தரையிலும் ஒட்டுகிற பொருள். தொடக்கு ஒரு நிலை. தொழுகையில் நிற்பதற்குமுன் நீங்க வேண்டிய நிலை, அவ்வளவுதான். இதைச் சின்ன வயதிலேயே சொல்லி வைக்காவிட்டால், வயதுக்கு வருகிற நேரத்தில் பிள்ளை தன் உடம்பே அசிங்கம் என்று தானாக ஒரு முடிவுக்கு வந்துவிடும். குளிப்பு கடமையாகும் நிலையைக் குறிக்கும் பெருந்தொடக்கு என்ற சொல்லையே காதில் ஓதுவதுபோல ரகசியமாகச் சொல்லும் வீடுகளில் அந்த முடிவு இன்னும் சீக்கிரம் வரும்.

அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கே அப்படித் தோன்றியிருக்கிறது. மதீனாவின் ஒரு தெருவில் நபிகள் நாயகத்தை (ஸல்) எதிரே கண்டதும், தமக்குக் குளிப்பு கடமையாகியிருந்ததால் நழுவிப் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். எங்கே போயிருந்தீர் என்று கேட்டு, காரணத்தையும் அறிந்தபோது நபியவர்கள் வியந்தார்கள். முஃமின் அசுத்தமாவதில்லை என்பதுதான் அவர்கள் தந்த விடையின் கருத்து. மாதவிடாயாக இருந்த ஆயிஷா (ரலி) அவர்களிடம் பள்ளியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்துத் தரச் சொன்ன செய்தியும் அப்படித்தான். அவர்கள் தயங்கியபோது, மாதவிடாய் உங்கள் கையிலா இருக்கிறது என்ற பொருளில் பதில் வந்தது. ஆயிஷா அவர்களின் மடியில் சாய்ந்தபடியே நபியவர்கள் குர்ஆன் ஓதியதும் பதிவாகியிருக்கிறது. பர்ளுகளின் பட்டியலைத் தொடங்குமுன் பிள்ளைகள் கேட்டிருக்க வேண்டிய செய்திகள் இவை.

பாடநூல்களில் பெரும்பாலும் தயம்மும் பின்னால்தான் வருகிறது, நோயாளிக்கும் பயணிக்கும் உரிய சலுகையாக. என்னைக் கேட்டால் அதை முன்னே கொண்டுவர வேண்டும். மண்ணால் யாரும் அழுக்குப் போக்குவதில்லை. இரண்டு கைகளையும் மண்ணில் தட்டி முகத்திலும் கைகளிலும் தடவினால் தூசிதான் ஒட்டும். அப்படியிருந்தும் குளிக்க வேண்டியவருக்குக்கூட, தண்ணீர் இல்லாதபோது, அது போதும் என்கிறது மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனம். சிரமம் தருவது நோக்கமல்ல, உங்களைத் தூய்மையாக்குவதே நோக்கம் என்ற கருத்தையும் அதே வசனம் சொல்லிவிடுகிறது. மண்ணைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு, நடப்பது உடலைக் கழுவும் வேலை மட்டுமல்ல என்பது சட்டென்று புரியும்.

கதையும் இருக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்து, அதைத் தேடி ஒரு படையே தண்ணீரில்லாத இடத்தில் தங்க நேர்ந்தது. தயம்மும் அனுமதி அப்போது இறங்கியது. மாலை ஒட்டகத்துக்கு அடியில் கிடந்தது. இன்னொன்று அம்மார் (ரலி) அவர்களுடையது. குளிப்புக்குப் பதிலாகத் தயம்மும் என்றால் உடம்பு முழுதும் மண் பட வேண்டுமோ என்று நினைத்து, விலங்கு புரளுவதுபோல் மண்ணில் புரண்டுவிட்டார்கள். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முகத்திலும் கைகளிலும் தடவினாலே போதும் என்று தெரிந்ததும், அவ்வளவு எளிதாக முடிந்திருக்க வேண்டியதா என்ற ஆச்சரியமும் கூடவே வரும்.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் தூய்மைக்கு நான்கு படிகள் சொல்கிறார்: உடலைத் தொடக்கிலிருந்தும் நஜீஸிலிருந்தும் தூய்மையாக்குவது, உறுப்புகளைப் பாவத்திலிருந்து, உள்ளத்தைத் தீய குணங்களிலிருந்து, அந்தரங்கத்தை அல்லாஹ் அல்லாத அனைத்திலிருந்தும். முந்திய தலைமுறையினர் தண்ணீர் விஷயத்தில் தாராளமாகவும் உள்ளத்தின் விஷயத்தில் கண்டிப்பாகவும் இருந்தார்கள், இப்போது தலைகீழாகிவிட்டது என்று அங்கலாய்க்கவும் செய்கிறார். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அங்கலாய்ப்பு!

ஆனால் இரண்டாம் படியைச் சிறு பிள்ளைகளிடம் எடுத்துச் செல்லும்போது கவனம் வேண்டும். ஒளுத் தண்ணீரோடு பாவங்கள் வடிகின்றன என்ற ஹதீஸை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் சுமத்துகிறோம். பருவம் அடையும்வரை அதன் பாவங்களை எழுதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது. அதன் கணக்கில் கழுவுவதற்குப் பாவம் ஏது? வீட்டு வாசலில் ஓடும் ஆற்றில் தினம் ஐந்து முறை குளிப்பவனுக்குத் தொழுகையை ஒப்பிட்ட ஹதீஸைச் சொல்லலாம். ஒளுவினால் மறுமையில் முகம் ஒளிரும் என்ற நற்செய்தியைச் சொல்லலாம். பயம் பிறகு வந்தால் போதும்.

தண்ணீரின் அளவையும் சொல்ல வேண்டும். நபியவர்கள் ஒரு முத்து தண்ணீரில் ஒளு செய்தார்கள், ஒரு ஸாவு தண்ணீரில் குளித்தார்கள். நான்கு முத்து ஒரு ஸாவு. மத்ஹபுக்கு மத்ஹபு கணக்கு சற்றே மாறினாலும், ஸாவு என்பது ஏறக்குறைய 3 லிட்டர். நம் பிள்ளை குழாயைத் திறந்துவிட்டு நிய்யத்தை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவ்வளவும் ஓடிவிடும். அளந்து ஊற்றிய பாத்திரத்தைக் கையில் கொடுத்து ஒரு முறை செய்ய வைத்தால், அடக்கம் என்றால் என்ன என்று தனியாக உபதேசம் செய்யத் தேவையில்லை.

பெண்பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யார் சொல்வது? கனவில் ஈரம் கண்ட பெண்ணுக்குக் குளிப்பு உண்டா என்று உம்மு சுலைம் (ரலி) நபியவர்களிடமே கேட்டார்கள். பின்னல் போட்ட தலையை அவிழ்க்க வேண்டுமா என்று கேட்டவர் உம்மு ஸலமா (ரலி). வேண்டியதில்லை, தலையில் மூன்று முறை அள்ளி ஊற்றினால் போதும் என்று பதில் கிடைத்தது. மார்க்கம் கற்க வெட்கம் தங்களைத் தடுக்கவிடாத அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) புகழ்ந்திருக்கிறார்கள். நம் ஊர்களில் அந்தக் கேள்விகள் உம்மாவிடமும் போகாமல், ஹஜ்ரத்திடமும் போகாமல் மனசுக்குள்ளேயே கிடக்கின்றன. ஓதிய பெண்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மேல் வகுப்புப் பெண்பிள்ளைகளின் குளிப்புப் பாடத்தை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும், சும்மா அல்ல, சம்பளத்தோடு. அந்தச் செலவை இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டால், வரும் ஷவ்வாலில் மக்தப் திறக்கும்போதே தொடங்கிவிடலாம்.