வளரிளம் மகளும் நம் குழுவின் கடன் புத்தகமும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு வளரிளம் பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. ஆனா பேச்சை நம்ம கடன் புத்தகத்துல இருந்துதான் தொடங்கணும். ஏன்னா நாங்க செய்த ஒரு தவறு அதுலதான் இருக்கு.

நம்ம குழு ஒன்றில் ஒரு அக்கா 20,000 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. காரணம், 'குடும்பச் செலவு'. தீர்மானம் போட்டாச்சு, எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. களப்பணியாளர்களான நாங்களும் புத்தகத்தைப் பார்த்து, வட்டிக் கணக்கு சரின்னு கையெழுத்துப் போட்டோம். இரண்டு மாதம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, அந்தப் பணம் 16 வயசு மகளோட கல்யாணத்துக்குப் போயிருக்கு. பிள்ளை பத்தாம் வகுப்பில் கணக்குல பெயில். "வீட்ல சும்மா வச்சிருந்தா ஊர் ஒண்ணு சொல்லும்"னு உறவுக்குள்ளேயே முடிச்சுட்டாங்க.

அந்தக் கடன்ல ஒரு தவணைகூடத் தவறல. நம்ம அறிக்கையில அது 'நல்ல கடன்'.

பிள்ளை உண்டாகி ஆஸ்பத்திரியில பதிவு பண்ணப் போனப்ப வயசு வெளியே வந்தது. வழக்கும் வந்தது. பிறகு அந்த அம்மாவைப் பார்க்கப் போனோம். அவங்க சொன்னது: "கூட்டத்துல இருபது பேரு இருந்தீங்களே, யாராச்சும் ஒருத்தி 'எதுக்கு ஆத்தா பணம்?'னு கேட்டிருந்தா, சொல்லி அழுதிருப்பேன்ல." எங்களால பதில் சொல்ல முடியல. அதனால இன்னைக்குப் பேசப்போறது உங்களுக்கு மட்டும் இல்லை, எங்களுக்கும் சேர்த்துத்தான்.

வயசுக்கு வந்த பிறகு

ஆறாம் வகுப்பு வரைக்கும் ஓடி ஆடின பிள்ளையை, பெரிய மனுஷி ஆனதும் ஒன்பது நாள், பதினாறு நாள்னு வீட்டுல உட்கார வைக்கிறோம். சடங்குக்கு மொய், சீர், பந்தல்னு செலவு செய்றோம். செய்யட்டும், சந்தோஷந்தான். ஆனா சடங்கு முடிஞ்ச மறுநாளே பிள்ளை பள்ளிக்கூடம் போகணும். அதுக்கப்புறமும் மாசம் மூணு நாள் வீட்டுல நின்னா, பத்து மாதப் படிப்பில முப்பது நாள் போயிடும். முப்பது நாள் பாடம் போன பிள்ளைக்குக் கணக்கு எப்படி வரும்?

தமிழ்நாட்டில் 2012-ல் 'புதுயுகம்' திட்டம் வந்தது. 10 முதல் 19 வயசுப் பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் இலவசமாகக் கொடுப்பதற்கான திட்டம் அது. பள்ளியிலேயும், கிராம சுகாதார செவிலியரிடமும் கேளுங்க. பள்ளிக்கூடக் கழிப்பறைக்குத் தண்ணி வருதான்னு பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். அது நம்ம உரிமை. வாரம் ஒருமுறை தர்ற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை சாப்பிடுதா, தூக்கிப் போடுதான்னும் பாருங்க. ரத்தம் குறைஞ்ச பிள்ளை வகுப்பில் தூங்கும். நாம 'சோம்பேறி'ன்னு திட்டுவோம்.

பூக்காடும் பரீட்சையும்

நம்ம பக்கம் மல்லிகை. மொட்டு விரியிறதுக்கு முன்னாடி பறிச்சு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு அனுப்பணும். இருட்டோட எழுந்து, பிள்ளைகளும் பூப்பறிக்கப் போகுதுங்க. பூ அதிகமா வர்றது பங்குனி, சித்திரையில. பரீட்சையும் அப்பத்தான். ஏழ்மை நமக்குத் தெரியாதது இல்லை. ஆனா பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளையை அந்த இரண்டு மாதம் மட்டுமாவது காட்டுக்குக் கூப்பிடாதீங்க. அதே வீட்டுல பையன் இருந்தா, அவன் அந்த நேரத்தில் போர்வைக்குள்ளதான் இருக்கான். தண்ணிக்குடம் எடுக்க, தம்பியைப் பார்க்க, பாத்திரம் கழுவ எல்லாத்துக்கும் மகளையே கூப்பிடுற பழக்கத்தையும் மாத்தணும்.

பஸ்ஸும் போனும்

பஸ் ஸ்டாண்டுல எவனோ கேலி பண்ணினான்னு பிள்ளை வந்து சொன்னா, நம்ம வாயில முதல்ல என்ன வருது? "நீ ஏன் அவன் பக்கம் பார்த்த?" இந்த ஒரு வார்த்தையால பிள்ளை அதுக்கப்புறம் நம்மகிட்ட எதையுமே சொல்லாது. சொன்னா படிப்பை நிறுத்திடுவாங்கன்னு பயம். தப்பு செஞ்சவன் சுத்தித் திரிவான், பிள்ளை வீட்டுக்குள்ள இருக்கும்.

"சொன்னது நல்லதாப் போச்சு"ன்னு முதல்ல சொல்லுங்க. ஒரே ஊர்ப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்து அனுப்புங்க. ஒரு வாரம் நம்ம குழுவில் இருந்து இரண்டு பேர் அந்த பஸ் நிறுத்தத்தில் போய் நின்னா போதும், கேலி அடங்கும். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லைன்னு அறிவிச்சதால, கூடப் போய்வரவும் செலவு பெரிசா இல்லை.

போனும் அப்படித்தான். பிடுங்கி வச்சா திருட்டுத்தனமாப் பார்க்கும். நமக்குத் தெரியலைன்னா பிள்ளையைக் கூட உட்கார வச்சு, "இது என்னன்னு எனக்கும் காட்டு"ன்னு கேட்போம். படத்தை வச்சு யாராவது மிரட்டினா, "அம்மாகிட்ட வா, அடிக்க மாட்டேன்"னு முன்கூட்டியே சொல்லி வைப்போம்.

கணக்குல பெயிலானா

அதே வருஷத்தில் துணைத்தேர்வு உண்டு. பெயிலான பாடத்தை மட்டும் எழுதினாப் போதும். தேர்வானால் அந்த வருஷமே பதினொன்றில் சேரலாம். தொழிற்பயிற்சி நிலையம், பாலிடெக்னிக் வழியும் உண்டு. பத்தாவது பெயிலுக்குக் கல்யாணம் மருந்து இல்லை. 14417 எண்ணில் பள்ளிக்கல்வித் துறையின் வழிகாட்டலைக் கேட்கலாம். ரிசல்ட் வர்ற அன்னைக்குப் பிள்ளையைத் தனியா விடாதீங்க. பக்கத்து வீட்டு மார்க்கைப் பேசாதீங்க.

ஒரு சின்ன வரலாறு சொல்றோம். 1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் அரசு ஒரு திருமண உதவித் திட்டம் தொடங்கியது. ஏழைப் பெண் எட்டாவது வரை படித்திருந்தால் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். பிறகு தொகை கூடியது, தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடிய அந்த அம்மையாரின் பெயரிலேயே அது 2022-ல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அதுதான் புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண், கல்லூரியிலோ ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்கிலோ சேர்ந்தால் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும் என்றது திட்டம். 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். கல்யாணத்துக்கு வைத்த பணத்தை அரசே படிப்புக்கு மாத்தியாச்சு. நாம மட்டும் ஏன் பழைய இடத்திலேயே நிக்கணும்?

சட்டம் என்ன சொல்லுது

2006-ம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18 முடியணும். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். நடத்தி வச்சவங்களும் மாட்டுவாங்க. 18 வயசுக்குள்ள இருக்கிற மனைவியோடு உறவு கொண்டாலும் குற்றம்தான்னு உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, இப்படி ஒரு விஷயம் தெரிஞ்சா ஆஸ்பத்திரி தகவல் கொடுத்தே ஆகணும். அதனால "உறவுக்குள்ளதானே, யாருக்குத் தெரியும்"ங்கிறது நடக்காது. மாப்பிள்ளை வீட்டுப் பையனும் ஜெயிலுக்குப் போவான்.

கல்யாணம் பேசுறாங்கன்னு தெரிஞ்சா 1098-க்கு எந்த நேரமும் சொல்லலாம். மாவட்ட சமூகநல அலுவலரிடமும் சொல்லலாம். ஆனா போன் போடுறதுக்கு முன்னாடியே அந்த அம்மாகிட்டப் போய் உட்கார்ந்து பேசுற தைரியம் நமக்கு வரணும். பயத்துலயும் கஷ்டத்துலயும்தான் நிறைய பேர் செய்றாங்க, பிள்ளை மேல பாசம் இல்லாம இல்லை.

குழுவா நாம செய்யக்கூடியது

ஒன்று: இந்த மாதத்தில் இருந்து 'குடும்பச் செலவு'ன்னு மட்டும் எழுதின கடன் மனுவை வாங்க வேண்டாம். எதுக்குன்னு அன்பாக் கேட்போம். 18 ஆகாத பிள்ளையின் கல்யாணத்துக்கு நம்ம சேமிப்புல இருந்து ஒரு ரூபாயும் போகக்கூடாது. களப்பணியாளர்கள் நாங்களும் அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவோம்.

இரண்டு: டியூஷன், பரீட்சைக் கட்டணம், கல்லூரி அட்மிஷன் இதுக்கு அவசரக் கடன். பூவரசு மரத்தடியில கூட்டம் போட்டு ஒரே நாள்ல கொடுத்திடலாம்.

மூன்று: ஒவ்வொரு குழுவும் 13 முதல் 18 வயசுப் பெண் பிள்ளைகளின் பட்டியல் ஒண்ணு எழுதி வைக்கட்டும். யார் பள்ளிக்குப் போறா, யார் நின்னா, எதுக்கு நின்னான்னு மாதம் ஒருமுறை பார்ப்போம். நின்ன பிள்ளை வீட்டுக்கு இரண்டு பேர் போவோம்.

நான்கு: அடுத்த கூட்டத்துக்கு வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. இதைப் பொம்பளைங்க மட்டும் பேசித் தீர்க்க முடியாது.

நாம முதன்முதல்ல குழுவில் சேர்ந்தப்ப பத்து, இருபதுன்னு சேமிச்சோம். "பொம்பளைங்க கூட்டம் என்னத்தைக் கிழிக்கும்"னு கேட்டாங்க. இன்னைக்கு பேங்க் மேனேஜர் நமக்கு நாற்காலி போடுறார். அந்த நாற்காலியில நம்ம மகள் மேனேஜரா உட்காரணும்னா, இன்னும் சில வருஷம் அவளைப் பள்ளிக்கூட பெஞ்சில உட்கார வைக்கணும்.

அந்த 16 வயசுப் பிள்ளையும் இப்ப கைக்குழந்தையோட இருக்கு. துணைத்தேர்வு எழுத விருப்பமிருக்குன்னு சொல்லியிருக்கு. பரீட்சை அன்னைக்குக் குழந்தையை வச்சுக்க அந்தக் குழு அக்காக்கள் இரண்டு பேர் பொறுப்பேற்றிருக்காங்க. படிப்பைத் தாமதமாகவாவது திருப்பிக் கொடுக்கப் பார்ப்போம். ஆனா அடுத்த பிள்ளைக்கு அந்தத் தாமதமும் வேண்டாம். கடன் மனு வரும்போது, "எதுக்கு ஆத்தா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.