புகாரில் யார் பெயரை எழுதுவது?

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நோயாளியின் ரகசியம் வெளியே போனால் புகார் கொடுக்க வேண்டுமா என்பதைப் பற்றிப் பேச அழைத்தார்கள். சட்டம் படித்தவர் யாராவது பேசியிருந்தால் இன்னும் ஒழுங்காக இருந்திருக்கும். நான் படிப்பது சமூகவியல். அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த முறையில் துப்புரவு வேலை பார்ப்பவர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அதற்காக வட மாவட்டம் ஒன்றில் ஒரு மருத்துவமனையில் பல மாதங்கள் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு பெண்ணின் ரகசியம் தெருவுக்கு வந்தது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று நான் திண்டாடியதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். எதையெல்லாம் மாற்றிச் சொல்ல வேண்டும் என்றும் அவரே சொன்னார், மாற்றியிருக்கிறேன்.

கர்ப்பமாகி அரசு மருத்துவமனைக்கு வரும் பெண்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை வழக்கமாக எடுப்பார்கள். நம்பிக்கை மையம் என்று போர்டு மாட்டிய அறையில் எடுப்பார்கள். இந்தப் பெண்ணுக்கு முதல் பிரசவம். காலனியிலிருந்து வருகிறவர். தொற்று இருப்பது தெரிந்தது. ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, நிதானமாகச் சொல்லியிருக்கிறார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் குழந்தைக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்று தைரியம் சொல்லியிருக்கிறார். அந்த அறையில் ஒரு குறையும் நடக்கவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆலோசகரும் ஒப்பந்த ஊழியர்தான்.

பிரச்சினை பிரசவ வார்டில் தொடங்கியது. கேஸ் ஷீட்டின் மூலையில் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார்கள். கட்டிலைக் கடைசிக்கு, கழிவறையை ஒட்டித் தள்ளினார்கள். ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் இரண்டு கட்டில் தள்ளியே நின்றுகொண்டு, “அந்தக் காலனிக் கேஸ கடைசியில பாத்துக்கலாம்” என்றார். கவனியுங்கள், நோயின் பெயரை அங்கே யாரும் உச்சரிக்கவில்லை. ஆனால் சாதியை வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்ல யாருக்கும் தயக்கம் இல்லை.

அந்த வார்டில் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவுக்கு ஐம்பது வயதை நெருங்குகிறது. அதே காலனி. அந்தப் பெண்ணுக்கு அத்தை முறை. ரத்தம் ஊறிய துணியை அவர் வெறுங்கையால் அள்ளுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கையுறை கேட்டால் ஸ்டாக் இல்லை என்பார்கள். அன்றைக்கு மட்டும் ஒரு ஜோடி கையுறையைக் கையில் கொடுத்து, “அந்தக் கடைசி பெட்டுக்கு மட்டும் போட்டுக்க” என்றார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருக்கிறவருக்கு இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? அன்று இரவு வீட்டில் தங்கையிடம் சொல்லிவிட்டார்.

நான்கே நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாயடியில் அந்தப் பெண்ணின் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்கவில்லை. மாமியார் வீட்டில் தட்டு தனி, டம்ளர் தனி. தோழர்களே, தனி டம்ளர் என்றால் என்னவென்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஊர் நமக்குக் கொடுத்ததை நம் தெரு அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது. எனக்கு அன்று வந்த கோபத்தில் பாதி நம் தெருவின் மேல் வந்த கோபம்.

அன்று இரவே உட்கார்ந்து புகார் எழுதினேன். சட்டம் வலுவாகத்தான் இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது. சிகிச்சைக்குத் தேவையென்றால் மருத்துவப் பணியாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம், அதற்குமேல் கூடாது. மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் யார் வேண்டுமானாலும் புகார் தரலாம்; பாதிக்கப்பட்டவரே தர வேண்டும் என்பதில்லை. முப்பது நாளில் உத்தரவு வர வேண்டும். ஆக, அந்தப் பெண்ணைக் கேட்காமலே நான் புகார் கொடுக்கச் சட்டம் வழிவிடுகிறது. அந்த வழியில் இறங்கத்தான் நான் தயாராக இருந்தேன்.

புகாரில் ‘ரகசியத்தை வெளியிட்டவர் யார்’ என்று எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. என்னால் உறுதியாக எழுத முடிந்தது ஒரே ஒரு பெயர், அந்த அக்காவின் பெயர். சிவப்பு வட்டத்தைப் போட்டது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கட்டிலை மாற்றியது ‘வார்டு வசதிக்காக’. மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லவே இல்லை. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகளும் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன, ஆனால் மருத்துவர் மீது மருத்துவ கவுன்சிலில் புகார் போனால் நோட்டீஸ், விளக்கம், விசாரணை என்று படிப்படியாகத்தான் நடக்கும். அந்த அக்காவுக்கு மெமோகூடக் கிடையாது. “நாளையிலிருந்து வராத” என்று ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசர் போனில் சொன்னால் முடிந்தது. பாபாசாகேப் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை நான் அந்த ஒரு வரியில் பார்த்தேன். ரகசியம் மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. குற்றம் மட்டும் நேராகக் கடைசிப் படியில் போய் விழுகிறது.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. புகார் எழுதிய அடுத்த நாள் விடுதியில் டீ குடித்துக்கொண்டே ஒரு நண்பரிடம் இதையெல்லாம் கொட்டிவிட்டேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் ஊரைச் சொன்னேன். “அது எங்க பக்கத்து ஊராச்சே” என்றார் அவர். என் ஆய்வுக் குறிப்பேட்டில் கட்டில் எண்ணும் தேதியும் இருந்தன. ஒப்புதல் படிவத்தில் ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். அக்கா தன் தங்கையிடம் சொன்னதற்கும் நான் நண்பரிடம் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்? அவர் பயத்தில் சொன்னார். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

அதன்பிறகுதான் எழுதியதை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். அம்மா வீட்டில் இருந்தார். குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டே நான் படித்ததைக் கேட்டார். கேட்டுவிட்டு, “இதுல என் பேரு எத்தனை எடத்துலக்கா வருது?” என்றார். எண்ணிப் பார்த்தேன். ஆறு இடம். “நாலு நாளு முன்னாடி வரைக்கும் தெருவுக்குத்தான் தெரியும். இத அனுப்புனா ஆபீஸ் ஆபீஸா தெரியும்.”

நீதிமன்றத்தில் பெயரை மறைத்துக்கொள்ள இந்தச் சட்டத்தில் வழி உண்டு என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதம் அந்த வார்டில் சிவப்பு வட்டம் போட்ட கட்டில் எத்தனை இருந்திருக்கும்?

அவர் பயம் வெறும் பயம் இல்லை. இதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1995இல் நாகாலாந்திலிருந்து ஒருவர், அவரும் மருத்துவர்தான், நோயாளி ஒருவருக்குத் துணையாக இங்குள்ள மருத்துவமனைக்கு வந்தார். ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது தெரிந்து, செய்தி மருத்துவமனையிலிருந்து வெளியே போய், நிச்சயித்த கல்யாணம் நின்றது. சொந்த ஊரில் இருக்க முடியாமல் சென்னைக்கே வந்துவிட்டார். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். தீர்ப்பில் அவர் பெயர் ‘மிஸ்டர் எக்ஸ்’, மருத்துவமனை ‘இசட்’. 1998இல் உச்ச நீதிமன்றம், மணப்பெண்ணைக் காப்பாற்ற அது தேவைதான் என்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதோடு நிற்காமல், இப்படித் தொற்று உள்ளவரின் திருமண உரிமையே நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்றும் எழுதியது. திருமணம் பற்றிய அந்தக் கருத்துகள் தேவையற்றவை என்று மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது 2002இல்தான். மருத்துவமனையைக் கேள்வி கேட்கப் போனவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா கூடாதா என்ற விசாரணையில் மாட்டிக்கொண்டார். படித்தவர், மருத்துவர், அவருக்கே இந்தக் கதி.

அந்தப் பெண் இரண்டு விஷயம் சொன்னார். “அத்தைய வேலைய விட்டு எடுத்தா எனக்கு என்னக்கா வரும்? சிவப்பு இங்க்குல எழுதுனவங்கள கேளுங்க.” அடுத்தது, “இப்ப வேணாம். ஆறு வாரத்துல புள்ளைக்கு டெஸ்ட் எடுக்கணும். நான் திரும்ப அங்கதான் போகணும்.” நமக்கு ஒரு மருத்துவமனை பிடிக்கவில்லையென்றால் இன்னொன்று இருக்கிறது. அவருக்கு அது ஒன்றுதான்.

திரும்பி வந்து சட்டத்தை மறுபடி படித்தேன். முதல்முறை நான் தாண்டிப் போயிருந்த பகுதி ஒன்று இருந்தது. மருத்துவமனையில் வேலை செய்து தொற்று அபாயத்துக்கு ஆளாகக்கூடிய எல்லோருக்கும் பொதுப் பாதுகாப்பு ஏற்பாடு செய்து தர வேண்டும், பயிற்சியும் தர வேண்டும், தவறித் தொற்று அபாயம் ஏற்பட்டால் தடுப்பு மருந்தும் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதாவது கையுறை எல்லாக் கட்டிலுக்கும் உண்டு. எல்லாக் கட்டிலுக்கும் கொடுத்திருந்தால் அது யாரையும் காட்டிக்கொடுத்திருக்காது. ஒரு கட்டிலுக்கு மட்டும் கொடுத்ததால் கையுறையே ரகசியத்தைச் சொல்லிவிட்டது. அந்த அக்காவிடம் பிறகு கேட்டபோது, “கையில வெட்டுக்காயம் இருந்துச்சு கண்ணு, பயந்துட்டேன்” என்றார். அந்தப் பயத்தை எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தங்கையிடம் சொன்னார்.

நம்மாளு என்பதால் அவரைக் காப்பாற்றுகிறாயா என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அக்கா செய்தது தவறு. அதனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை சிதைந்தது. அதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். ஆனால் தண்டனை அவரோடு முடிந்துவிடும் என்றால், அந்தப் புகார் மருத்துவமனைக்குச் செய்கிற உதவி.

ஆறு வாரம் காத்திருந்தோம். குழந்தைக்குத் தொற்று இல்லை என்று முதல் பரிசோதனையில் வந்தது. அதற்குப் பிறகு ஒரு கடிதம் அனுப்பினோம். அதில் நோயாளியின் பெயர் இல்லை, தேதி இல்லை, அக்காவின் பெயரும் இல்லை. கேஸ் ஷீட்டில் அடையாளம் போடுவது, கட்டிலைப் பிரிப்பது, சாதியைச் சொல்லி அழைப்பது, கையுறையை ஆள் பார்த்துக் கொடுப்பது, இவ்வளவுதான் எழுதினோம். நானும் தொழிற்சங்கத் தோழர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். அனுப்புவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் படித்துக் காட்டினேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்தேன்.

பதில் வரவில்லை. சிவப்பு வட்டம் நின்றது. கையுறைப் பெட்டி இரண்டு மாதம் வந்தது, பிறகு மறுபடி ஸ்டாக் இல்லை. அந்த வார்டில் உட்கார எனக்கிருந்த அனுமதியை நீட்டிக்கவில்லை. குறைதீர்ப்பாளரிடம் பெயரோடு போயிருக்கலாமோ என்று இப்போதும் சில நாள் தோன்றும். அவர் சம்மதித்தால் நாளைக்கே போவேன். சம்மதிக்கவில்லை.

குழந்தைக்குப் பதினெட்டு மாதம் வரை பரிசோதனை இருக்கிறது. அடுத்தது வரும் மாதம். துணைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அன்று அந்த அக்காவுக்கும் காலை ட்யூட்டி. அத்தையிடம் தானே பேசிக்கொள்வதாகவும், நான் நடுவில் வர வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.